ஓ.சி.டி.யும் ஆழ்மனமும்: சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பூசை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவேன். நான் உரிமம் பெற்ற ஆலோசகர், மருத்துவர் அல்ல. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள், செம்பனைத் தோட்டத்தில் இன்னும் வேலை செய்பவர்கள், தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டவர்கள் எனப் பலரும் வந்து கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். கேட்டவர் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றிவிட்டேன்.

கேள்வி: மகன் இரவில் கேஸ் அடுப்பை மூடினோமா என்று பதினைந்து தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறான். பொறுப்பான பிள்ளை என்றுதான் நினைத்தோம். இது நோயா?

ஒரு முறை பார்ப்பது கவனம். இரண்டாவது முறை பார்த்ததும் மனம் ஆறிவிட்டால் அதுவும் கவனம்தான். பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளர்கிறதென்றால் அது வேறு விஷயம். அடுப்பு மூடியிருப்பதைக் கண் பார்க்கிறது, கை தொட்டும் பார்க்கிறது, மனம் மட்டும் நம்ப மறுக்கிறது. இதைத்தான் ஓ.சி.டி. என்கிறார்கள், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். வேண்டாத ஓர் எண்ணம் அழையாமல் வந்து அச்சுறுத்தும். அந்த அச்சத்தை அடக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். அந்தச் செயல் வெளியே தெரிய வேண்டும் என்பதில்லை. மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பதும், ஒரே நாமத்தைச் சொல்லிச் சொல்லிச் சரிபார்ப்பதும் இதில் சேரும்.

நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதற்கே போகிறதா, அல்லது படிப்பும் வேலையும் உறவும் கெடுகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் இது வருகிறது. பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டும். மகனைத் திட்டாமல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “பார்க்காமல் படுத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றுகிறது?” வீடே எரிந்து தங்கை செத்துப்போவாள், அதற்கு நான்தான் காரணமாக இருப்பேன் என்பதுபோல் ஒரு பதில் வந்தால், அவன் காவல் காப்பது அடுப்பை அல்ல என்று உங்களுக்கே புரியும்.

கேள்வி: ஆழ்மன உளவியல் என்றால் என்ன? ஓ.சி.டி.க்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நமக்குத் தெரியாமலே நம் மனதில் நடக்கும் வேலைகள் உண்டு என்று ஏற்றுக்கொண்டு, அவற்றைப் பேச்சின் வழியாகத் தேடிப்போகும் உளவியல் அது. வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டு தொடங்கிவைத்தார். பிறகு கார்ல் யுங் போன்றவர்கள் அவரைவிட்டுப் பிரிந்து தங்கள் வழியில் போனார்கள். ஃபிராய்டை அதிகம் யோசிக்கவைத்த நோய்களில் இதுவும் ஒன்று.

1907 அக்டோபரில் ஓர் இளம் வழக்கறிஞர் அவரிடம் வந்தார். இராணுவப் பயிற்சிக்குப் போன இடத்தில், எலிகளை வைத்துச் செய்யும் கொடூரமான தண்டனை ஒன்றைப் பற்றி ஓர் அதிகாரி சொல்லக் கேட்டிருக்கிறார். அந்தத் தண்டனை தன் அப்பாவுக்கும் தான் விரும்பிய பெண்ணுக்கும் நடந்துவிடும் என்ற எண்ணம் அந்த நிமிடமே அவரைப் பிடித்துக்கொண்டது. அப்பா இறந்து பல வருடம் ஆகியிருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஃபிராய்டு 1909-ல் இதை எழுதி வெளியிட்டார்.

அதில் வரும் ஒரு சின்னச் சம்பவத்தை நான் எல்லோருக்கும் சொல்வேன். அந்தப் பெண் ஊருக்குக் கிளம்பும் நாள். சாலையில் கிடந்த ஒரு கல் இவர் காலில் இடறியது. அவளுடைய வண்டி இதே வழியாக வரும், இதில் மோதிவிடும் என்று கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும், இது என்ன முட்டாள்தனம் என்று தோன்றியது. திரும்பி வந்து அதே கல்லை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். கல்லை எடுத்தது அன்பு, திரும்ப வைத்தது புத்தி தெளிந்ததால் என்றுதான் நாம் நினைப்போம். ஃபிராய்டு அப்படி விடவில்லை. திரும்ப வைத்ததும் நோயின் பகுதிதான் என்றார். ஒரு கை காப்பாற்றுகிறது; அவள் மேல் உள்ள சொல்லப்படாத கோபத்தில் இன்னொரு கை அதே கல்லை வழியில் வைக்கிறது. நேசிக்கும் ஒருவர் மேலேயே கோபமும் இருப்பதைத் தாங்க முடியாத மனம், இரண்டையும் ஒரு கல்லில் ஏற்றிவிட்டது.

செய்ததை இன்னொரு செயலால் அழிப்பது, எண்ணத்தை அதற்குரிய உணர்ச்சியிலிருந்து பிரித்துவைப்பது, கோபத்தை அளவுக்கு மீறிய பணிவாக மாற்றிக்கொள்வது ஆகியவற்றை மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளாக ஆழ்மன உளவியல் விளக்குகிறது. வேலி கட்டுவது தவறில்லை. இங்கே வேலியே பயிரை மேய்ந்துவிடுகிறது.

கேள்வி: சாமி கும்பிடக் கண்ணை மூடினால் அம்மனைப் பற்றிக் கெட்ட வார்த்தை வருகிறது. கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். நான் பாவியா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கப் பல பேர் வருடக்கணக்காகத் தயங்கியிருக்கிறார்கள். ஒரு பெரியவர் நான்கு ஞாயிறு வந்து உட்கார்ந்துவிட்டுப் பேசாமலே போனார். ஐந்தாவது ஞாயிறுதான் வாய் திறந்தார். அதனால் கொஞ்சம் நிறையவே சொல்கிறேன்.

மேலே சொன்ன வழக்கறிஞருக்கும் இதே துன்பம் இருந்தது. “கடவுள் அவரைக் காப்பாராக” என்று வேண்டத் தொடங்கினால், நடுவில் ஓர் எதிர்மறைச் சொல் தானாக நுழைந்து வேண்டுதலையே சாபமாகத் திருப்பிவிடும். அது நுழையாதபடி சொல்லிச் சொல்லி அவருடைய பிரார்த்தனை ஒன்றரை மணி நேரம்வரை நீண்டது. எந்த மதத்தில் இருந்தாலும், எந்த ஊரில் இருந்தாலும், இந்த நோய் அந்த மனிதர் எதை உயிராக மதிக்கிறாரோ அதையே தேடிப்போய்ப் பிடிக்கும். அம்மனை ஒரு பொருட்டாக மதிக்காதவருக்கு அம்மனைப் பற்றிய வசை வந்தால், வந்த வழியே போய்விடும். உங்களுக்கு அது உறைக்கிறது, அதனால் தங்குகிறது.

இப்படிப்பட்ட எண்ணங்கள் நோயில்லாதவர்களுக்கும் வருகின்றன. ராக்மன், டி சில்வா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-லேயே இதைக் காட்டினார்கள். நோயில்லாதவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கும் அருவருப்பான, பயங்கரமான எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். அவர்கள் அவற்றுக்கு அர்த்தம் தேடாமல் விட்டுவிடுகிறார்கள். ஓ.சி.டி. உள்ளவர் அங்கேயே நின்று, இது ஏன் எனக்கு வந்தது, நான் எப்படிப்பட்டவள் என்று தன்னையே விசாரிக்கத் தொடங்குகிறார்.

நினைத்தாலே நடந்துவிடும், நினைத்ததும் செய்ததும் ஒன்றுதான் என்ற நம்பிக்கையை அந்த வழக்கறிஞரின் வார்த்தையைக் கடன்வாங்கி ‘எண்ணங்களின் சர்வ வல்லமை’ என்றார் ஃபிராய்டு. கண்ணேறு, வாய்முகூர்த்தம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதாகப் புரியும். ‘கெட்டதைச் சொல்லாதே, தேவர்கள் ததாஸ்து சொல்லிவிடுவார்கள்’ என்று பாட்டி சொன்னதை மற்றப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். உங்கள் மனம் அதைச் சட்டமாக எழுதிவைத்துக்கொண்டது.

ஃபிராய்டோடு எனக்கு இங்கே ஒரு வேறுபாடும் உண்டு. 1907-ல் எழுதிய ஒரு கட்டுரையில் நோயின் சடங்குகளையும் மதச் சடங்குகளையும் அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளித்தோற்றம் ஒத்துப்போவது உண்மைதான். ஆனால் தீபாராதனை முடியும். மணி அடித்ததும் திருநீறு வாங்கிக்கொண்டு நாலு பேரோடு பேசிக்கொண்டே வீட்டுக்குப் போகிறோம். நோயின் சடங்கு முடிவதே இல்லை, அதில் துணைக்கு ஆளும் இல்லை. கோயிலுக்குத் திரும்பப் போங்கள். கெட்ட வார்த்தை வரும், வரட்டும். கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்காதீர்கள்.

கேள்வி: ஆழ்மனம் என்று சொன்னால், அந்தக் கெட்ட எண்ணம்தான் என் உண்மையான ஆசை என்று ஆகிவிடாதா?

அரைகுறையாகப் படித்தவர்கள் இப்படிச் சொல்லிப் பலரை நடுங்கவைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. கோபம் இருப்பது வேறு, கொல்ல விரும்புவது வேறு. படுக்கையில் விழுந்த மாமியாரைப் பத்து வருடம் பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு அலுப்பும் கசப்பும் வராமல் இருக்குமா? அதை ஒரு நாளும் வெளியே சொல்ல அனுமதி இல்லாதபோது, ‘கஞ்சியில் ஏதாவது கலந்துவிட்டேனோ’ என்ற சந்தேகமாக அது உருமாறி வரலாம். அங்கே கண்டுபிடிக்க வேண்டியது அவருடைய களைப்பு. கொலைகாரியைத் தேடினால் கிடைக்கமாட்டாள். நல்லவர் என்ற முகத்துக்குப் பின்னால் நாம் தள்ளிவைத்த பகுதியை யுங் ‘நிழல்’ என்றார்; அதை அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்ளச் சொன்னார், அதன்படி நடக்கச் சொல்லவில்லை.

கேள்வி: பிள்ளை பெற்று இரண்டு மாதம். கத்தியைப் பார்த்தால் குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வெளியே சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களா?

பிள்ளை பெற்றபின் ஓ.சி.டி. தொடங்குவதும் கூடுவதும் மருத்துவர்கள் அறிந்ததே. அந்த எண்ணம் உங்களை நடுங்கவைக்கிறது, கத்தியை ஒளித்துவைக்கிறீர்கள் என்பதே நீங்கள் அதை விரும்பவில்லை என்பதற்கு அடையாளம். கிளினிக்கில் தாதியிடம் அப்படியே சொல்லுங்கள். ஆனால் காதில் குரல் கேட்டு ஏதாவது செய்யச் சொன்னாலோ, குழந்தைக்குள் தீய சக்தி இருப்பதாக நிச்சயமாகத் தோன்றினாலோ, பல நாள் தூக்கமே இல்லாமல் பேச்சும் நடத்தையும் மாறினாலோ, அது வேறு நோய். வீட்டார் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கேள்வி: வீட்டில் ஒருவர் ‘சுத்தமாகிவிட்டதா, சுத்தமாகிவிட்டதா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ‘ஆகிவிட்டது’ என்று சொன்னால்தான் அமைதியாகிறார். சொல்லலாமா?

நானும் சொல்லியிருக்கிறேன், ஆயிரம் தடவை.

என் அம்மா தோட்டத்தில் மருந்து அடித்தவர். விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து களைக்கு பராகுவாட் அடிப்பார். வீட்டுக்கு வந்ததும் கை கழுவாமல் எங்களைத் தொடமாட்டார். அது அறிவுதான், அந்த மருந்து அவ்வளவு கொடியது. மலேசியாவில் அதை 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடைசெய்தார்கள். அதற்குப் பல வருடம் முன்பே அம்மா வேலையைவிட்டுத் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டார். மருந்து நின்றது, கழுவுவது நிற்கவில்லை, கூடியது. விரல் இடுக்குகள் வெடித்து இரத்தம் கசியும். “சுத்தமாகிவிட்டதா பாரம்மா” என்பார். “ஆகிவிட்டதம்மா” என்பேன். அரை மணி நேரம் நிம்மதி, பிறகு மறுபடி கேட்பார். என் பதிலும் அவருடைய சவர்க்காரத்தைப் போலத்தான் என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை. வீட்டார் தரும் உறுதிமொழி நோய்க்குத் தீனி.

வருடங்கள் கழித்து ஒரு நாள் அவரே சொன்னார். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலிருந்து அவனை வாங்கிவந்து, அவசரத்தில் சரியாகக் கழுவாமல் பால் கொடுத்துவிட்டார். அன்றிரவே அவனுக்குக் காய்ச்சல். பிழைத்துக்கொண்டான், இன்று லாரி ஓட்டுகிறான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்: “அன்றைக்கு அவன் அழுகை மேல் எனக்கு எரிச்சல் வந்தது. இவன் இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் படுக்கலாமே என்று நினைத்தேன்.” இத்தனை வருடம் அவர் கழுவியது மருந்தை மட்டும் அல்ல, அந்த ஒரு நினைப்பையும்தான். ஆழ்மன உளவியல் எனக்குப் புத்தகமாக இல்லாமல் மனிதராகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

இப்போது யாராவது கேட்டால், உறுதிமொழிக்குப் பதிலாக இப்படிச் சொல்லச் சொல்கிறேன்: “பயமாக இருக்கிறது என்று தெரிகிறது அம்மா. பதில் சொன்னால் நோய்தான் வளரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.” ஆனால் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். முன்கூட்டியே அவரோடு பேசி, ஒப்புதல் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

கேள்வி: காரணம் தெரிந்துவிட்டால் நோய் போய்விடும் அல்லவா?

போகாது. அம்மா அதைச் சொல்லி அழுதார், மனம் இலேசானது; மறுநாள் காலையும் குழாயடியில்தான் நின்றார். இதை மறைத்து ஆழ்மன உளவியலைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஃபிராய்டுக்கே இது தெரிந்திருந்தது. 1918-ல் புடாபெஸ்ட்டில் ஆற்றிய உரையில், கடுமையான கட்டாயச் செயல்கள் உள்ளவர்களிடம் பேசிக்கொண்டு காத்திருப்பது மட்டும் போதாது, அப்படிச் செய்தால் சிகிச்சை முடிவில்லாமல் போய்விடும் என்றார். பிறகு லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், நோயாளி அஞ்சும் சூழலிலேயே அவரை இருக்கவைத்துச் சடங்கை மட்டும் செய்யவிடாமல் தடுக்கும் முறையை இரண்டு நோயாளிகளிடம் செய்துபார்த்து 1966-ல் எழுதினார். இன்று ஓ.சி.டி.க்கான பேச்சு சிகிச்சைகளில் வலுவான சான்று உள்ளது இந்த முறைக்குத்தான். ஃபிராய்டு வழிப் பேச்சு சிகிச்சையான உளப்பகுப்பாய்வு மட்டும் போதும் என்று சொல்ல அப்படிப்பட்ட சான்று இல்லை. ஆகவே முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

சிகிச்சை தந்தவர்கள் அம்மாவோடு சேர்ந்து அவருடைய அச்சங்களைச் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தினார்கள். கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் பத்து நிமிடம் இருப்பது முதல் படி. செருப்பைத் தொடுவது நடுப்படி. பழைய மருந்துக் கொட்டகை இருந்த பக்கம் போய்வந்து, ஒரே ஒரு முறை கழுவிவிட்டுச் சோறு பிசைவது கடைசிப் படி. முதல் நாள் கை நடுங்கியது. பதற்றம் ஏறும், எதுவும் செய்யாமல் இருந்தால் தானாக இறங்கவும் செய்யும். இறங்காத நாளிலும், அதோடு இருக்க முடிகிறது என்பதை உடம்பு கற்றுக்கொள்கிறது.

அப்படியானால் ஆழ்மன உளவியல் எதற்கு? பயிற்சி கையைக் குழாயிலிருந்து எடுத்துவிட்டது. எடுத்த கையோடு அம்மா உட்கார்ந்திருந்தபோது மேலே வந்தது, ‘நான் நல்ல தாயா’ என்ற பழைய கேள்வி. அதைப் பேச ஓர் இடம் வேண்டியிருந்தது. ஏன் இந்த எண்ணம், ஏன் இந்த வீட்டில், ஏன் இந்தக் கல்யாணத்துக்குப் பிறகு என்று கேட்பதற்கும், வெட்கத்தை இறக்கிவைப்பதற்கும், நோய் திரும்பத் தலைதூக்கும் காலங்களைப் புரிந்துகொள்வதற்கும் அது பயன்படுகிறது. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று இரவெல்லாம் தோண்டுவதே சிலருக்குப் புதிய சடங்காகிவிடும். அப்படியானால் தோண்டுவதை நிறுத்தச் சொல்வதும் சிகிச்சையாளரின் கடமை.

கேள்வி: மாத்திரை சாப்பிட்டால் பழகிவிடுமா?

ஃப்ளூஓக்ஸெடின், ஃப்ளுவொக்ஸமின், செர்ட்ரலின் போன்றவற்றைத் தருவார்கள். போதைபோல் பழகும் மருந்துகள் அல்ல. மனச்சோர்வுக்குத் தருவதைவிட அளவு கூடுதலாகத் தேவைப்படலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று தூக்கிப்போட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நன்றாக ஆனபிறகும் ஒரு வருடமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்லும் விதத்தில் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

கேள்வி: யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

முனீஸ்வரனுக்குப் படையல் போட்டால் மனதுக்குத் தெம்பு வருமென்றால் போடுங்கள், நான் தடுக்கவில்லை. மருத்துவத்தை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். கயிறு கட்டிய பிறகு, அது சரியாகக் கட்டப்பட்டதா என்று சந்தேகம் வந்து மறுபடி கட்டச் சொன்னால், நோய் கயிற்றிலும் ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியை அடிப்பவரிடமும், நகையை விற்கச் சொல்பவரிடமும் போகாதீர்கள்.

கேள்வி: மனநல மருத்துவரிடம் போனால் ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ என்று ஊர் பேசாதா?

நமக்கும் ஈப்போவுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊரின் பெயரை ஏச்சுச் சொல்லாக ஆக்கிவிட்டோம். மனநோயாளிகளுக்காக 1911-ல் தொடங்கப்பட்ட மருத்துவமனை அங்கே இருப்பதுதான் காரணம். இன்று அதன் பெயர் ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. ‘பஹாகியா’ என்றால் மகிழ்ச்சி. ஓ.சி.டி. உள்ளவர்களில் பெரும்பாலோர் எங்கும் தங்கிச் சிகிச்சை பெற வேண்டியதில்லை, வெளிநோயாளிகளாகவே வந்துபோகலாம். முதலில் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சமூக மனநல மையங்களான மெந்தாரி பற்றியும் அங்கேயே கேளுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது.

கேள்வி: முதல் நாள் மருத்துவரிடம் என்ன சொல்வது? உள்ளே போனால் வாயே வராது.

எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் மலாயில் பேசுவார் என்று தயக்கமாக இருந்தால், படிக்கிற பிள்ளையிடம் சொல்லி மலாயில் எழுதி வாங்குங்கள். பிள்ளையிடம் சொல்ல முடியாத எண்ணமென்றால் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். அம்மா கொண்டுபோன தாளில் இருந்தது இவ்வளவுதான்: காலையில் கை கழுவ இரண்டு மணி நேரம் ஆகிறது. சமையலை விட்டுவிட்டேன். பேத்தியைத் தூக்குவதில்லை. கழுவாவிட்டால் பிள்ளைகள் இறந்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது. அப்படி நடக்காது என்றும் தெரியும். இதைப் படித்துவிட்டு, “எத்தனை வருடமாக?” என்று கேட்டார் மருத்துவர்.